கபடியில் கவர் ஆட்டக்காரர்

கபடியில் ரைடர் பாடி வரும்போது எதிரணியின் ஏழு பேரும் வளைவாக நிற்பார்கள். இரு ஓரத்திலும் கார்னர், அவரை ஒட்டி இன், அதற்கடுத்து கவர், நடுவில் சென்டர். இவர்களில் கார்னருக்குப் பெயரும் காசும் வந்துவிட்டன. புரோ கபடி ஏலத்தில் முதன்முதலில் ஒரு கோடி ரூபாய்க்குப் போனவரே, 2018இல், ஈரானின் இடது கார்னர் ஃபாசல் அத்ராச்சலிதான். இன்னமும் குறைத்து மதிப்பிடப்படுபவர் கவர்.

இதற்குக் காரணம் புள்ளி எழுதும் முறையிலேயே இருக்கிறது. ரைடர் ஒரே மூச்சில் மூவரைத் தொட்டால் மூன்று புள்ளி. அவரை மடக்கிய அணிக்கு ஒன்றுதான். களத்தில் மூவரோ அதற்கும் குறைவாகவோ நின்று பிடித்தால் மட்டும் இரண்டு. புரோ கபடியில் பர்தீப் நர்வாலின் ரைடு புள்ளிகள் 1,800ஐத் தாண்டின. பிடியில் முன்னணியில் இருக்கும் ஃபாசலோ 500ஐக் கடந்தவர். அந்த ஒற்றைப் புள்ளியும் பிடியைத் தொடங்கியவர் பெயரில் ஏறிவிடுகிறது. பெரும்பாலும் அது கார்னர்.

கார்னர் குனிந்து கணுக்காலைப் பற்றும் நொடியைக் கவனித்தால் கவரின் வேலை புரியும். கால் மாட்டிக்கொண்டாலும் ரைடர் உடம்பை முன்னால் வீசுவார். மூச்சு விடாமல் நடுக்கோட்டை ஒரு விரலால் தொட்டுவிட்டால் போதும், பிடித்தவர் வெளியே போக வேண்டியதுதான். அதற்குள் கவர் பாய்ந்து இடுப்பைக் கட்ட வேண்டும், அல்லது கோட்டுக்கும் ரைடருக்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுக்க வேண்டும். அரை நொடி பிந்தினால் பிடி வீண். கார்னர் இறுகப் பிடிக்கும் முன்பே பாய்ந்தால் இருவருமே அவுட். பார்ப்பவர்கள் கைதட்டுவது கணுக்கால் பிடிக்குத்தான்.

கவருக்கென்றே உள்ள ஆயுதம் டேஷ். ரைடர் கார்னரைச் சீண்டப் பக்கக்கோட்டை நெருங்கி, ஒரு காலில் எடை ஏற்றித் திரும்பும்போது, தோளால் மார்பில் மோதி வெளியே தள்ளுவது. தேர்ந்த கவர் ரைடரின் கையைப் பார்ப்பதில்லை; இடுப்பைப் பார்க்கிறார். கை பொய்ப் போக்குக் காட்டும். இடுப்பு திரும்பிய பக்கம்தான் ஆள் போவார். நேருக்கு நேர் நிற்கும் ரைடரை டேஷ் அடிக்கப் போவது புதியவர்கள் செய்யும் காரியம்.

இதைவிடப் பெரிய வேலை எந்த ஏட்டிலும் ஏறாது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கிறது பாக் லைன். கவர் அரை அடி முன்னே வந்து திரும்பும் வழியை அடைத்து நின்றால், ரைடர் அந்தக் கோட்டைத் தாண்டியதோடு 30 விநாடியை ஓட்டிவிட்டுத் திரும்புவார். வெறும் ரைடு, யாருக்கும் புள்ளியில்லை. அடுத்தடுத்து இரண்டு ரைடு இப்படிப் போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்பதால் ரைடர் உள்ளே இறங்கியே ஆக வேண்டும். அங்கே கார்னர் பிடிக்கும் பிடிக்கு விதை போட்டவர் கவர்.

தமிழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியை எட்டிய 2022 புரோ கபடி தொடர் நல்ல உதாரணம். பெருந்தொகைக்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயத்தால் விலக, பேச்செல்லாம் இளம் ரைடர் நரேந்தரைப் பற்றியே இருந்தது. மோகித்தும் தமிழ்நாட்டின் எம். அபிஷேக்கும் கவரில் நின்று தாங்கியது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கார்னர்களுக்கும் எல்லா நேரமும் நியாயம் கிடைத்துவிடுவதில்லை. 2016இல் பாட்னா பைரேட்ஸ் இரண்டாம் முறையாகக் கோப்பை வென்றபோது அணித்தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்து வலது கார்னர் தர்மராஜ் சேரலாதன். அதே ஆண்டு, 41 வயதில், உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். ஆனாலும் அந்தப் பாட்னா அணி என்றதும் பலருக்கு நினைவு வருவது பர்தீப்தான்.

படூர், கேளம்பாக்கம், கோவளம் போன்ற சென்னையை அடுத்த ஊர்களின் பையன்கள் மண்தரையில் பழகி ‘மேட்’ விரிப்புக்கு வரும்போது அதிகம் தடுமாறுவது கவர் இடத்தில்தான். மணலில் கால் புதைவதால் ரைடரும் மெதுவாகவே திரும்புவார். டேஷுக்கு நேரம் கிடைக்கும். விரிப்பில் ஷூ பற்றிக்கொள்ள, ரைடர் சட்டென்று திரும்பிவிடுவார். பழைய கணக்கில் பாய்ந்தவர் காற்றில் மோதி விழுவார். ஊர் மின்னொளிப் போட்டிகளில் சிறந்த ரைடருக்கும் சிறந்த கேட்சருக்கும் பரிசு தருகிறார்கள். கேட்சர் பரிசைப் பிடிகளை எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். நல்ல கவரைத் தேடும் பயிற்சியாளர் எண்ண வேண்டியதோ, எதிரணி ரைடர் எத்தனை முறை அவர் இருந்த பக்கம் வராமல் திரும்பினார் என்பதை.