வெளிச்சம் வந்தா இரண்டாவது

பாரிஸ் மெத்ரோவில் வடக்கு, தெற்கு என்று எழுதியிருக்காது. ஒவ்வொரு லைனுக்கும் அதன் கடைசி ஸ்டேஷன்தான் திசை. 2ஆம் லைனில் ஒரு பக்கம் நாசியோன், மற்றப் பக்கம் போர்த் தோஃபின். நடுவில் இறங்கப்போற ஆளுக்கும் அந்தப் பெயர் தெரியவேணும். புதுசா வந்த எனக்கு ஃபோன் இல்லாமல் ஏலாது.

சித்திக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. இருபது வருஷமாக அந்த ரயிலில்தான் துப்புரவு வேலைக்குப் போய்வாறா. எனக்கு அவ சொல்லித்தந்த வழி: "நீலக் கலர் 2. நாசியோன் பக்கம் போறதில ஏறு. பிகால் தாண்டினாப் பிறகு ரயில் சுரங்கத்தை விட்டு மேல ஏறும். வெளிச்சம் வந்தா முதலாவது பார்பெஸ், இரண்டாவது லாச்சப்பல். இறங்கு."

அப்படியேதான் இருந்தது. அந்த இடத்தில் தண்டவாளம் தெருவுக்கு மேலே, தூண்களில் ஓடுது. படியால் இறங்கி நடந்தால் கடைப் பலகைகளில் தமிழ்.

ஊரில் இவவைப் "படிக்காதவ" என்பார்கள். தன்ர மெப்பைத் தானே கீறி வைச்சிருக்கிற மனுசி. ஆனால் அந்த மெப் ஓடுற ரயிலுக்கு மட்டும்தான்.

"இடையில நிண்டு ஏதும் அறிவிச்சா என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆக்களின்ர முகத்தைப் பார்ப்பன். எல்லாரும் எழும்பினா நானும் எழும்புவன்."