செந்நிற எண்ணெயின் பூர்வீகம்

பழைய அமெரிக்கக் கார்களின் தானியங்கி கியர் பெட்டியில் எண்ணெய் மாற்ற முனைவோருக்கு முதலில் எழும் கேள்வி, எண்ணெயை வடிக்கும் பிளக் எங்கே என்பதுதான். என்ஜினின் ஆயில் பேனில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1969ஆம் ஆண்டு மாடல்களில் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 350 போன்ற கியர் பெட்டிகளின் பேனில் பெரும்பாலும் அது கிடையாது. பேனைப் பிடித்திருக்கும் 13 போல்ட்டுகளையும் தளர்த்தி, ஒரு மூலையைச் சரித்து எண்ணெயை வழியவிட்டு, பின்னர் பேனையே கழற்ற வேண்டியிருக்கிறது. அவ்வளவு செய்தும், பெட்டி முழுவதிலுமுள்ள ஏறத்தாழ 9.5 லிட்டரில் சுமார் 3 லிட்டர்தான் வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு, என்ஜினின் சுழற்சியை எண்ணெயின் ஓட்டத்தின் வழியாகவே கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் என்ற மூடிய உருளைக்குள் தங்கிவிடுகிறது.

இந்த நிலை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1939இன் இறுதியில், 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்காக வெளிவந்ததும், ஏர்ல் தாம்சன் தலைமையிலான பொறியாளர் குழு உருவாக்கியதுமான ஹைட்ராமேட்டிக் கியர் பெட்டியில், பேனில் ஒரு பிளக்கும், எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்திய இணைப்பின் உறையில் மற்றொன்றுமாக இரண்டு பிளக்குகள் இருந்தன. இரண்டையும் திறந்தால் பழைய எண்ணெய் பெரும்பாலும் வடிந்துவிடும். கிறைஸ்லர் நிறுவனத்தின் டார்க்ஃப்ளைட் கியர் பெட்டிகளில் கன்வெர்ட்டரின் பிளக் 1970களின் பிற்பகுதி வரை நீடித்தது. எண்ணெயின் ஆயுள் கூடக்கூட அதை வடிக்கும் வழிகள் குறைந்தன என்பதே இந்த வரலாற்றைத் தொடர்வோருக்குத் தெரியும் போக்கு. ஆகவே தேடல் உலோகத்திலிருந்து எண்ணெயின் பக்கம் திரும்புகிறது.

என்ஜினில் எண்ணெயின் முதன்மையான வேலை உராய்வைக் குறைப்பது. தானியங்கி கியர் பெட்டியிலோ அது பற்சக்கரங்களுக்கு மசகாகவும், வால்வுகளையும் பிஸ்டன்களையும் இயக்கும் அழுத்தத்தின் ஊடகமாகவும், வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கொண்டுசெல்லும் வாகனமாகவும் இருப்பதோடு, கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றும் கணத்தில் எவ்வளவு உராய வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. அந்தப் பெட்டியின் பாகங்களுள் எண்ணெயும் ஒன்று என்று கொள்வதே பொருத்தம். இத்தேவைகளை வரையறுத்து, எந்த எண்ணெய் நிறுவனமும் தயாரித்து விற்கக்கூடிய ‘டைப் ஏ’ என்ற தரத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் வெளியிட்டது. சிகாகோவின் ஆர்மர் ஆராய்ச்சி நிறுவனம் தேர்ச்சி பெற்ற எண்ணெய்களுக்குத் தகுதி எண் வழங்கியது. கசிவு நேர்ந்தால் அது என்ஜினிலிருந்தா, கியர் பெட்டியிலிருந்தா என்று தரையில் விழுந்த துளியைக் கொண்டே அறிவதற்காகச் சிவப்புச் சாயம் சேர்க்கப்பட்டது. எனவே சிவப்பு நிறம் எண்ணெயின் நலத்துக்குச் சான்றாகாது. சாயம் வெளிறிய பின்னும் எண்ணெய் நன்றாக இருக்கக்கூடும், கருகிய வாடையே உண்மையான எச்சரிக்கை.

கிளட்ச் தட்டுகள் அதிராமல் மெதுவாகப் பற்றுவதற்கு உராய்வை மாற்றியமைக்கும் சேர்மானம் ஒன்று வேண்டியிருந்தது. அதைப் பற்களுள்ள வேட்டை விலங்குகளுள் மிகப் பெரியதான எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் எடுத்தார்கள் என்பது இத்தேடலில் மிகுந்த துயரம் தரும் செய்தி. அந்த எண்ணெய் மற்றக் கொழுப்புகளைப் போன்றதன்று; பெரும்பாலும் திரவ மெழுகு எஸ்டர்களால், அதாவது நீண்ட சங்கிலி ஆல்கஹாலும் கொழுப்பு அமிலமும் இணைந்த சேர்மங்களால் ஆனது என்பதால், வெப்பத்தில் எளிதில் பிசினாகாமல் உலோகத்தின்மேல் மெல்லிய படலமாக நிற்கும் இயல்புடையது. ஜெனரல் மோட்டார்ஸின் தரமாக 1967இல் வந்த முதல் டெக்ஸ்ரான் எண்ணெயும் இதையே நம்பியிருந்தது. ஓர் உயிரினத்தின் அழிவு கியர் மாற்றத்தின் மென்மைக்கு விலையாக இருந்ததை, அந்தக் கார்களை நேசிப்போரும் மறக்கலாகாது.

1970இல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தபின் அந்த வழி அடைபட்டது. 1973இல் வந்த டெக்ஸ்ரான்-2 திமிங்கல எண்ணெயின்றித் தயாரானது. ஆனால் சி என்ற எழுத்துடன் வந்த அதன் முதல் வகை, ரேடியேட்டருக்குள் அமைந்த எண்ணெய்க் குளிர்விப்பானின் பற்றாசு இணைப்புகளை அரிக்கத் தொடங்கவே, டி என்ற எழுத்துடன் திருத்திய வகை வெளியிடப்பட்டது. இதற்கிடையில் ஃபோர்டு நிறுவனம் 1967இன் ‘டைப் எஃப்’ எண்ணெயில் உராய்வைத் தணிக்கும் சேர்மானத்தைத் தவிர்த்து, கிளட்ச் சட்டென்று இறுகப் பற்றும் வழியைத் தேர்ந்தது. பழைய கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய் என்பதில் இன்றும் நிலவும் குழப்பத்துக்கு இந்த இரு வழிகளும் ஒரு முக்கியக் காரணம்.

பேனைக் கழற்றும் வேலை இப்பின்னணியில் வேறு பொருள் பெறுகிறது. வடிகட்டி பேனுக்குள்ளேயே வால்வுத் தொகுதியின் அடியில் இருப்பதால், அதை மாற்றப் பேனைக் கழற்றியே ஆக வேண்டும். அப்போது பேனின் அடியில் படிந்திருப்பது பெட்டியின் உள்நிலையைக் காட்டிவிடுகிறது. மென்மையான சாம்பல் நிறச் சேறு இயல்பான தேய்மானம். கையில் உறுத்தும் உலோகச் சீவல்களோ கிளட்ச் துணுக்குகளோ இருந்தால் புது எண்ணெயால் பயனில்லை. பழைய கேஸ்கெட்டின் எச்சத்தைச் சுரண்டி நீக்கி, போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்த விளிம்பைத் தட்டி நிமிர்த்தி, போல்ட்டுகளை ஏறத்தாழ 16 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டுமே முறுக்க வேண்டும். கூடுதல் இறுக்கம் தகட்டை வளைத்துக் கசிவை வரவழைக்கும்.

நெடுநாள் மாற்றாத எண்ணெயை மாற்றினால் கியர் பெட்டி பழுதாகும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வலுவாக உள்ளது. கியர் நழுவத் தொடங்கிய பிறகே பெரும்பாலோர் எண்ணெயை மாற்றுகிறார்கள் என்பதால், ஏற்கெனவே தேய்ந்த கிளட்சின் குற்றம் புதிய எண்ணெயின்மேல் விழுகிறது என்று கொள்வதே பொருந்தும். 9.5 லிட்டரில் 3 லிட்டரை மட்டும் மாற்றினால் பழைய எண்ணெய் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஞ்சும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இரண்டாவது முறை மாற்றினால்தான் அது பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் டெக்ஸ்ரான்-3க்கான உரிமம் வழங்குவதை 2006உடன் நிறுத்திவிட்டதால், இன்று அப்பெயருக்கு இணையானது என்று புட்டியில் அச்சாகியிருப்பது தயாரிப்பாளரின் சொந்தக் கூற்று மட்டுமே. பழைய கியர் பெட்டியை வைத்திருப்போர் காரின் கையேடு கேட்கும் தரத்தை முதலில் அறிந்து, நம்பகமான தயாரிப்பாளரின் எண்ணெயையே வாங்க வேண்டும். நிரப்பியபின் என்ஜின் சூடாகி ஓடும் நிலையில், டர்போ ஹைட்ராமேட்டிக்கில் பார்க்கிலும் டார்க்ஃப்ளைட்டில் நியூட்ரலிலும் லீவரை வைத்து, டிப் ஸ்டிக்கில் அளவைச் சரிபார்க்க வேண்டும்.