நாற்பத்தோராம் நாள்



கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டதும், படுக்கைச் சுருட்டும் பையுமாக இளைஞர்கள் பள்ளிவாசல்களில் கூடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். மூன்று நாள், நாற்பது நாள், நான்கு மாதம் என அவரவர் வசதிக்கேற்ப ஜமாஅத்தில் புறப்படுகிறவர்கள் அவர்கள். 1920களில் தில்லிக்குத் தெற்கே மேவாத் மக்களிடையே மவ்லானா முஹம்மது இல்யாஸ் (ரஹ்) தொடங்கிய பணி இது. சொந்தச் செலவில், ஊதியம் எதுவுமின்றிச் செல்வது இதன் அடிப்படை. பயானையும் ஜவ்லாவையும் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இங்கு நாம் எழுத விரும்புவது ஜமாஅத்தின் அடுப்படியைப் பற்றி.

நாங்கள் நால்வரும் கடற்கரை ஊரைச் சேர்ந்த மாணவர்கள். எங்களோடு ஏழு பெரியவர்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவர் அமீர். கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களுக்கு எங்களை அனுப்பினார்கள். ஒரு பள்ளிவாசலில் மூன்று நாள் தங்கி அடுத்த ஊருக்குச் செல்லவேண்டும். புறப்படும் முன்பு அமீர் எங்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்டார்: கடன் ஏதும் உண்டா? வீட்டில் உன்னை நம்பி இருப்பவர் எவரேனும் உண்டா?

நாள் தஹஜ்ஜுதில் தொடங்கும். பஜ்ருக்குப் பின் சிறிது நேரப் பேச்சு, இஷ்ராக், பசியாறல். பின்னர் மஷூரா. அன்று யார் தஃலீம் வாசிப்பது, யார் பேசுவது, யார் சமைப்பது என அனைத்தும் அங்கேதான் முடிவாகும். எல்லோருடைய கருத்தையும் கேட்ட பிறகே அமீர் முடிவைச் சொல்வார். முற்பகலில் தஃலீம், லுஹருக்குப் பின்னும் ஒரு சிறு தஃலீம். அஸருக்குப் பின் ஜவ்லா. ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக முன்னே செல்ல, பேசுவதற்கென நியமிக்கப்பட்டவர் மட்டுமே பேசுவார். மற்றவர்கள் பார்வையைத் தாழ்த்தி திக்ரில் இருப்பார்கள். ஒருவர் பள்ளியிலேயே அமர்ந்து துஆவில் ஈடுபட்டிருப்பார். சில கதவுகள் திறக்கும், சில திறவா. மஃரிபுக்குப் பின் பயான்; இஷாவுக்குப் பின் உணவு, உறக்கம்.

இவற்றுக்கிடையே, ஒவ்வொரு நாளும் இருவருக்குக் கித்மத் முறை வரும். கூட்டுப் பையிலிருந்து பணம் பெற்றுச் சந்தைக்குச் செல்வதும், பதினொருவருக்குச் சமைப்பதும், ஸஃப்ரா விரிப்பதும், எல்லோரும் உண்டபின் சஹன்களைக் கழுவிக் கவிழ்ப்பதும் அவர்கள் பொறுப்பு. எங்கள் நால்வரில் எவரும் அதற்குமுன் உலை வைத்ததில்லை. பதினொருவருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி போதும் என்பதும், பருப்பு வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றவேண்டும் என்பதும் அங்கே தெரிந்துகொண்டவை. முதல் நாள் சோறு குழைந்துபோயிற்று. அமீர் அதை விரல்களால் திரட்டி உண்டுவிட்டு, “தம்பி, பல் இல்லாதவனுக்கு இதைவிட நல்ல சோறு ஏது?” என்றார். அன்றிரவு எல்லோரும் உறங்கியபின், பள்ளியின் கழிவறைகளைத் தனியே கழுவிக்கொண்டிருந்தவரும் அவரே.

தஃலீமில் அமர வாய்ப்பின்றி அடுப்படியில் நிற்கிறோமே என்ற ஏக்கம் கித்மத் நாள்களில் எழுவதுண்டு. அப்போது அமீர் நபித்தோழர்களின் பயணம் ஒன்றை நினைவூட்டுவார். கடும் வெயிலில் சிலர் நோன்பு நோற்றிருந்தனர், சிலர் நோற்கவில்லை. நோன்பாளிகள் களைத்து விழ, நோன்பில்லாதவர்கள் கூடாரங்களை நட்டு, கால்நடைகளுக்கு நீர் புகட்டினர். இன்று நன்மையைக் கொண்டு சென்றவர்கள் இவர்களே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

பதினேழாம் நாள் எங்கள் தோழன் ஒருவனின் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. அவனுடைய உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலக்கை எலும்பு முறிந்துவிட்டது. வாப்பா வெளிநாட்டில்; வீட்டில் பள்ளிக்குச் செல்லும் தங்கை மட்டும். ஆனால் உம்மா அவனை வரச் சொல்லவில்லை. நாற்பதையும் முடித்துவிட்டு வா என்றுதான் சொன்னார்கள். அவனும் அதையே விரும்பினான். பாதியில் திரும்புவது பலவீனம் என்று அவனுக்குத் தோன்றியது. எங்களிலும் இருவர் அவன் இருக்கட்டும் என்றே மஷூராவில் கருத்துச் சொன்னார்கள்.

அமீர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்தவரிடம் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று வினவி, அவர்களிடமே சென்று பாடுபடுமாறு நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய செய்தியைச் சொன்னார். “உம்மா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள், தம்பி. அதைப் பிடித்துக்கொண்டு நீ இங்கே இருப்பது சரியாகாது. பதினேழு நாளாக எங்களுக்குச் சோறு வடித்தாய். மிச்சம் இருபத்து மூன்று நாளும் உம்மாவுக்கு வடித்துக் கொடு. இன்றிரவு பஸ்ஸுக்கே போய்விடு.” கூட்டுப் பையில் அவன் பங்கில் மீந்ததைக் கணக்கிட்டுக் கொடுத்து, தாமே பேருந்து நிலையம் வரை சென்று ஏற்றிவிட்டு வந்தார்.

நாங்கள் நாற்பது நாளையும் முடித்து ஊர் திரும்பியபோது அவனைப் பார்க்கச் சென்றோம். அடுப்படியில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. ஊறவைத்த துணிகள் வாளியில் இருந்தன. உம்மா கட்டுப்போட்ட கையுடன் திண்ணையில் அமர்ந்து, “புளி கூடிப்போச்சு, நாளைக்குக் குறைச்சுப் போடு வாப்பா” என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களில் யாருடைய நாற்பது முழுமையானது என்று அப்போது யோசிக்கத் தோன்றியது.

ஜமாஅத்தில் செல்வோர் குடும்பத்தைக் கவனியாமல் போகிறார்கள் என்ற குறை நம் சமுதாயத்தில் நெடுநாளாக உண்டு. அதைக் கேட்டுக் கோபப்படுவதால் பயனில்லை. பள்ளிவாசலில் பத்துப் பேர் உண்ட சஹனை மகிழ்ச்சியோடு கழுவிய கை, வீட்டில் தான் உண்ட தட்டைக்கூட அப்படியே விட்டு எழுமானால், அதைப் பார்க்கிற உம்மாவும் தங்கையும் நம் பயானை எப்படி ஏற்பார்கள்? வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றே பதிலளித்தார்கள்.

ஆகவே, இவ்விடுமுறையில் புறப்படவிருக்கும் தம்பிகள் அமீரின் அந்த இரண்டு கேள்விகளைத் தம்மிடம் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். திரும்பி வந்தபின், நாற்பத்தோராம் நாள் காலையில், வீட்டிலும் ஒரு மஷூரா வைக்கட்டும்: இன்று கித்மத் யாருடையது? முதல் பெயராகத் தம் பெயரைக் கொடுக்கட்டும். வெளியில் கற்ற பணிவை வீட்டுக்குள்ளும் நிலைக்கச் செய்யும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.