அப்பாவின் இடுப்பு

அப்பா மலேசியாவின் கேரி தீவில் செம்பனைக் குலை வெட்டியவர். இருபது கிலோ குலையை நாள் முழுக்கக் குனிந்து தூக்கிய இடுப்பு அது. வலி வந்ததும் பெல்ட் கட்டிப் படுக்கச் சொன்னார்கள். படுத்தார், இடுப்பு இன்னும் இறுகியது.

2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பெல்ட் வேண்டாம் என்கிறது. ஆஸ்திரேலியாவில் வலி ஆறிய 701 பேரிடம் நடந்த ஆய்வில், நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப இடைநிலை அளவில் 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112.

அப்பா தோட்டச் சாலையில் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கினார், இப்போது அரை மணி நேரம். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் கோயில் தரையில் உட்கார்ந்து தானே எழுகிறார், எனக்கு அது போதும்.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, உங்கள் அப்பாவைப் படுக்க விடாதீர்கள். நாளைக் காலை அவரோடு நடங்கள்.