வற்றாப்பளைக் கிழமையும் எங்கட நூடில்ஸும்



எங்கட வீட்டில் மரக்கறி நூடில்ஸுக்கென்று தனியாக ஒரு தாச்சி இருக்கிறது. அதில் இறைச்சியோ மீனோ பட்டதில்லை, படவும் விடமாட்டோம். அகப்பையும் வடியும்கூட வேறுதான். ஏன் இந்தப் பாடு என்று புத்தளத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கேட்டார்கள். வைகாசியில் வந்து பாருங்கள் என்றோம்.

வைகாசியில் கடல் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கேற்றுவார்கள். அடுத்த திங்கள் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் பொங்கல். அந்தக் கிழமை முழுக்க எங்களைச் சுற்றியுள்ள வீடுகளில் மச்சம் இல்லை. பள்ளிக்கூடத்திலும் எங்களோடு படிப்பிக்கும் டீச்சர்மார், சேர்மார் அநேகம்பேர் சைவச் சாப்பாடுதான்.

1990 ஒக்டோபரில் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் நாங்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா எங்கட வீட்டில் தேத்தண்ணி குடிப்பா. சாப்பாடு என்றால் “பிறகு சாப்பிடுறன்” என்பா. அதில் பகை ஒன்றும் இல்லை. மாட்டிறைச்சி சமைத்த சட்டியாக இருக்குமோ என்ற தயக்கம். வாய்விட்டுக் கேட்கவும் அவவுக்குக் கூச்சம், சொல்லவும் எங்களுக்குக் கூச்சம். கடைசியில் எங்கட உம்மாதான் புதுத் தாச்சியை வாங்கி, அவவின் கண்முன்னாலேயே ஸ்டிக்கரை உரித்தா. அன்று சமைத்தது இந்த நூடில்ஸ்தான்.

செய்முறைக்கு வருவோம். நான்கைந்து பேருக்கு 400 கிராம் பைக்கற் ஒன்று போதும். முட்டை சேர்த்ததா என்று முதலில் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். சின்னப் பைக்கற்றில் வரும் சுவைத்தூள் வேண்டாம், அநேகமாக அது கோழிச் சுவை. சிப்பி சோஸும் மரக்கறி அல்ல. கடைக்காரர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். விரதகாரர் சிலர் உள்ளியும் வெங்காயமும்கூடத் தொடமாட்டார்கள். அதை முதலே கேட்டுவிடுவது நல்லது.

உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் நூடில்ஸை முக்கால்வாசி அவித்து வடித்து, உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி எண்ணெய் பிரட்டி வையுங்கள். முழுதாக அவித்தால் தாச்சியில் களியாகிவிடும். கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் மெல்லிசாக, ஒரே அளவில் அரியவேண்டும். போஞ்சி விலை ஏறினால் எங்கட தோட்டத்துப் பயிற்றங்காயைச் சரிவாக அரிந்து போடுவோம். கறிமிளகாயும் நல்லாயிருக்கும்.

அடுப்பு பெரிதாக எரியவேண்டும். இஞ்சி, உள்ளி, வெங்காயம். பிறகு பயிற்றங்காயும் கரட்டும். கடைசியில் லீக்ஸும் கோவாவும். மூடி போடாதீர்கள், தண்ணீர் விட்டுவிடும். கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே நூடில்ஸைக் கொட்டி, சோயா சோஸ் இரண்டு கரண்டியும் மிளகுத்தூளும் போட்டுக் கிளறி இறக்குங்கள். சோஸிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடலாம். தாச்சியில் இருப்பது ஏழெட்டு நிமிசம்தான், வேலை முழுக்க அரிவதில்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 4,860 ரூபாயானது ஞாபகம் இருக்கும். காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை. அப்போது முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம். உண்மையைச் சொன்னால், கடைச் சாப்பாட்டில் வருகிற அந்தப் புகை வாசம் அப்போதுதான் எங்கட தாச்சிக்கு வந்தது. காஸ் வந்த பிறகும் இதற்கு மட்டும் விறகடுப்புத்தான்.

இதைச் சீனச் சாப்பாடு என்கிறோம். சீனர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்தால் என்ன சொல்வாரோ! அக்கா இதோடு கட்டைச்சம்பல் கேட்பா, பிள்ளைகள் தக்காளி சோஸ் கேட்பார்கள்.

பொங்கல் கிழமையில் ஆசிரியர் அறைக்கு இரண்டு பைக்கற் அளவில் சமைத்துக் கொண்டுபோவோம். நோன்பு காலத்தில் அக்கா வீட்டிலிருந்து இஃப்தாருக்குப் பயத்தம் பணியாரம் வரும். போன முறை தாச்சியை அவவே இரவல் வாங்கிக்கொண்டு போனா, இன்னும் வரவில்லை.