பற்றாத அடுப்பு

கேக் மாவுக்குப் பொறுமை கிடையாது. பேக்கிங் பவுடர் ஈரத்தோடு கலந்தவுடனே அது பொங்கத் தொடங்கிவிடும். அடுப்பு ஆயத்தமாக இல்லையெனில் தட்டிலேயே எழும்பித் தட்டிலேயே அமிழ்ந்துபோகும். 2023ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னர், மறைக்கல்விச் சிறுவர்களுக்கென ஆறு தட்டு மாவு நம் பங்கு இல்லத்துச் சமையலறை மேசைமேல் காத்திருந்தது. ஓவனோ பற்ற மறுத்தது.

அது வெளியூருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தார் அன்போடு விட்டுச்சென்ற பெரிய அடுப்பு. மேலே நான்கு பர்னர்கள், கீழே ஓவன். விழாவை முன்னிட்டு முந்தைய நாள் நாமே ஓவனின் அடித்தகட்டைக் கழற்றி, சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தோம். அதை இரவு உணவின்போது சற்றுப் பெருமையாகவே சொல்லிக்கொண்டோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

குருமடத்தில் காரணங்களை நான்காக வகுத்து ஆராயப் பயின்றவர்கள் நாம். ஆகவே முறைப்படியே தொடங்கினோம். சிலிண்டர் தீர்ந்துவிட்டதோ? இல்லை; மேல் பர்னர்கள் நீலச் சுடரோடு எரிந்தன. எனவே ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாயிலும் குறையில்லை, குறை ஓவனுக்குள்தான். பொத்தானை அழுத்தினால் 'டக் டக்' என்று ஒலி எழுந்தது, பொறியைக் காணவில்லை. குமிழை அழுத்திப் பிடித்தபடி, பொறி இப்போது வரும், இப்போது வரும் என்று ஒரு நிமிடத்திற்கும் மேலாக முயன்றோம். இதுவரை நம் ஆராய்ச்சியில் பிழையில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எரிவாயு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

சமையல் அம்மா எண்ணினார். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. "வாடை வருது சாமி. கொஞ்சம் விட்டுடுங்க. கதவைத் தொறந்து வைப்போம்" என்றார்.

"மாவு கெட்டுவிடும் அம்மா. ஒன்றும் ஆகாது. தீக்குச்சியைக் கிழித்து நீட்டுங்கள்" என்றோம். நம் ஒரு கை குமிழின்மேல் இருந்தது. ஆகவே குச்சியை நீட்டியது அவருடைய கை.

'புஸ்' என்ற ஓசையோடு ஒரு மஞ்சள் நாக்கு ஓவனின் வாயிலிருந்து வெளியே பாய்ந்து அடங்கியது. நமக்குப் புருவ மயிர் கருகியதோடு போயிற்று. அவருக்கு வலக்கை மணிக்கட்டு வெந்துவிட்டது. கண்ணாடியில் முகத்தைப் பார்க்க விளக்கின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினோம். வெந்த கையாலேயே நம் கையைத் தட்டிவிட்டார். "சுவிட்சைத் தொடாதீங்க!" கேஸ் இணைப்பு கொடுக்க வந்த பையன் என்றோ சொல்லிப்போனதை அவர் மறக்கவில்லை. மேல் பர்னர்களை அணைத்து, சிலிண்டரை மூடி, கொல்லைக் கதவை அகலத் திறந்த பின்னரே குழாயடியில் கையை நீட்டினார். பக்கத்து மடத்திலிருந்து ஓடிவந்த செவிலிச் சகோதரி, நாம் எடுத்துவந்த பற்பசையை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, இருபது நிமிடம் ஓடும் தண்ணீரே மருந்து என்றார்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமே இல்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, சிறுவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அதன் பின்னரே அங்கே வாயுவுக்கு நாற்றம் ஊட்டுவது சட்டமாயிற்று. அத்தனை உயிர்களைக் கொடுத்து வாங்கிய எச்சரிக்கை நம் சமையலறையில் ஒலித்தபோது அதைக் கேட்டவர் ஒருவர், தட்டிக்கழித்தவர் மற்றொருவர். நம் சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் ஓவனின் அடியிலும் தரையிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். உயரத்திலுள்ள நம் சன்னல் திறந்திருந்தும் பயன்படாததன் காரணம் அதுவே.

மாவுத் தட்டுகள் கடைத்தெரு பேக்கரிக்குப் போயின. மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். அடித்தகட்டைத் தூக்கியதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொறி எழும் பீங்கான் முனை நனைந்திருந்தது. மின்சாரம் ஈரத்தின் வழியே ஒழுகிப்போனதால் பொறி தாவவில்லை. மற்றொன்றையும் காட்டினார். தெர்மோகப்பிள் என்னும் மெல்லிய கம்பி முனை, சுடருக்கு எட்டாதபடி ஒரு விரற்கடை வளைந்து விலகியிருந்தது.

இந்தச் சிறு கருவியின் வேலை வியப்புக்குரியது. இருவேறு உலோகங்கள் இணையும் இடத்தைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும் என்பது 1821இல் தாமஸ் சீபெக் என்ற ஜெர்மானிய அறிஞரின் ஆய்வில் வெளிப்பட்டது. சுடரில் காயும் அம்முனை சில மில்லிவோல்ட் மின்னழுத்தமே தரும். ஆயினும் ஒரு குட்டி மின்காந்தம் வாயுக் கதவைத் திறந்து பிடித்திருக்க அது போதும். சுடர் அணைந்தால் முனை குளிரும். கதவு தானே அடைபடும். முனை சூடேறப் பத்து விநாடியாவது குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். முனை விலகிக் கிடந்தால், எத்தனை முறை பற்றவைத்தாலும் கையெடுத்தவுடன் சுடர் அணைந்துபோகும்.

"இதைக் கழுவுனது யாரு சாமி?" என்று கேட்டார் மெக்கானிக். சமையல் அம்மா சட்டென்று திரும்பிக் கொல்லைப்பக்கம் பார்க்கலானார். நம்மைக் காட்டிக்கொடுக்க மனமின்றித்தான். நாம்தான் என்று சொன்னோம். கையை வேகவைத்ததும் நாம்தான் என்பதையும் சேர்த்தே சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, சுடருக்கு நேராக வளைத்துவைத்தார். பீங்கானைத் துடைத்து உலர்த்தினார். அரைமணி வேலை.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதுக்கென்ன சாமி, சட்டியிலயும் சுட்டுக்குறதுதான்" என்று பேச்சை மாற்றிவிட்டார். காப்பி நீட்டும்போது அந்தத் தழும்பு இப்போதும் நம் கண்ணில் படுகிறது.

ஓவனைப் பற்றவைக்கும் பொறுப்பு அன்றுமுதல் அவருடையது. முதலில் கொல்லைக் கதவைத் திறப்பார். பின்பு ஓவனின் கதவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். பொறி உடனே வராவிட்டால் குமிழை மூடிவிட்டு ஐந்து நிமிடம் வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். சுடர் பிடித்ததும் குமிழை அழுத்தியவாறே ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுகிறார். பத்து முடியும்வரை நாம் கதவருகே நிற்கிறோம்.