பன்றி என்ன விலைக்குப் போனது?

ஒஹாயோ மாநிலத்தின் சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு சிறு கல்லூரி. மதிய வகுப்பு. நீள்வட்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவர்கள். எல்லோர் முன்னாலும் ஒரே கதையின் நகல், ஓரங்களில் பென்சில் கிறுக்கல். பேராசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய கதையை எழுதியவள் இரண்டாம் ஆண்டு மாணவி. மாவட்டக் கண்காட்சியில் ஏலம் விடுவதற்காக ஒரு சிறுமி பன்றி வளர்க்கிறாள். ஏலம் முடிந்தால் அது கசாப்புக்குப் போகும் என்பது அவளுக்கும் தெரியும்.

விவாதம் சூடாகத்தான் நடந்தது. முடிவு அழுமூஞ்சித்தனமாக இருக்கிறது என்றான் ஒருவன். அப்பா வாயே திறக்கவில்லையே என்றாள் இன்னொருத்தி. பன்றிக்குப் பெயர் வைத்ததே தப்பு என்று ஒரு கட்சி. பெயர் இல்லாவிட்டால் கதையே இல்லை என்று எதிர்க்கட்சி. எழுதியவள் மட்டும் பேசக் கூடாது, அது வகுப்பின் விதி. குனிந்த தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பேராசிரியர் கேட்டார்: "பன்றி என்ன விலைக்குப் போனது?"

எல்லோரும் பக்கங்களைப் புரட்டினார்கள். எங்கும் இல்லை. உனக்குத் தெரியுமா என்று அவளைப் பார்த்தார். யோசிக்காமல் தொகையைச் சொன்னாள். அந்தப் பணத்தில் அப்பா டிராக்டருக்கு டயர் வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். "அதை எழுதிக் கொண்டு வா" என்றார். அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள்.

எழுதக் கற்றுத்தர முடியுமா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இப்படியொரு வகுப்பில் ஒருமுறை உட்கார வேண்டும். அங்கே யாரும் யாருக்கும் திறமையை ஊட்டவில்லை. கதையிலிருந்து விட்டுப்போன டயரைத் தேடிப் பிடித்தார்கள்.

எழுதியவரை மௌனமாக வைக்கும் முறை அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையின் வழியாகப் பரவியது. (அசோகமித்திரன் 1973இல் போய்வந்து, பிறகு 'ஒற்றன்' எழுதினாரே, அது அதே பல்கலைக்கழகத்தின் சர்வதேசத் திட்டம், பட்டறை வேறு.) இந்த விதிக்கு இப்போது எதிர்ப்பு வலுத்திருக்கிறது. அயோவா மாநிலத்திலேயே கோ கல்லூரி என்ற சிறு கல்லூரியில் கற்பித்த மேத்யூ சலேசஸ், 2021இல் வெளியான தன் நூலில் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். பெரும்பான்மையினரின் ரசனையே பொது ரசனையாக உலவும் வகுப்பில், மற்றவர்கள் வாயடைத்து உட்கார நேர்கிறது என்பது அவருடைய வாதம். நியாயம்தான். ஆனாலும் தன் கதையை மற்றவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதைக் குறுக்கிடாமல் கேட்கும் அந்த அரைமணி நேரத்தை அடியோடு விட்டுவிடவும் மனம் வரவில்லை.

ஒஹாயோவுக்கு இந்தத் தொழிலில் பழைய பெயர் உண்டு. கேம்பியர் என்ற கிராமத்தில் இருக்கும் கென்யான் கல்லூரிக்குக் கவிஞர் ஜான் குரோ ரான்சம் 1937இல் வந்தார். 1939இல் 'கென்யான் ரிவ்யூ' இதழைத் தொடங்கினார். ஹார்வர்டை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்த ராபர்ட் லோவலும், அப்போது இளம் ஆசிரியராக இருந்த ராண்டல் ஜாரலும் ரான்சம் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்கள். வகுப்பு எது, சாப்பாட்டு மேசைப் பேச்சு எது என்று பிரிக்க முடியாத படிப்பு அது.

நியூயார்க் நகரை ஒட்டிய சாரா லாரன்ஸ் கல்லூரியில் 1960களின் நடுவில் படித்தவர் ஆலிஸ் வாக்கர். எழுதிய கவிதைகளை ஆசிரியை மூரியல் ருகைசரின் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். ருகைசர் அவற்றைப் படித்ததோடு நிற்காமல் தன் இலக்கிய முகவரிடம் கொடுத்தார். 1968இல் வாக்கரின் முதல் தொகுப்பு 'ஒன்ஸ்' வெளிவந்தது.

கதவடியில் வருவதையெல்லாம் படிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதி படிப்பதுதான். 2002 முதல் கலிபோர்னியாவின் போமோனா கல்லூரியில் கற்பித்த நாவலாசிரியர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ், மாணவர்களின் கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பார். வெவ்வேறு நிற மையில் குறிப்பெழுதுவார். காற்புள்ளிப் பிழையைக்கூட விடமாட்டார். நான் பார்த்த ஒஹாயோ பேராசிரியரும் ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கக் கடிதம் தட்டச்சு செய்து பின்னடித்துக் கொடுக்கிறார். சொந்த நாவலைத் தொடக் கோடை விடுமுறை வந்தால்தான் உண்டு என்றார்.

அவராவது நிரந்தரப் பணியில் இருப்பவர். பக்கத்து அறைக் கவிஞர் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். குளிர்காலம் வந்தால் அடுத்த ஊர்க் கல்லூரிக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்துவிடுவார். அமெரிக்காவில் எழுத்து கற்பிக்கும் பலருடைய பாடு இதுதான். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரோட்டிப் போய் வருபவர்களும் இருக்கிறார்கள்.

வகுப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்குத் தப்புவது உண்டு. கென்யானில் படித்து 2000இல் பட்டம் பெற்ற ஜான் கிரீனுக்கு அங்கே மேல்நிலை எழுத்து வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. பிற்பாடு அவருடைய நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றன.

நம் கல்லூரிகளிலும் இளங்கலைத் தமிழில் படைப்பிலக்கியத் தாள் இருக்கிறது. அறுபது பேர் உட்காரும் வகுப்பில் எந்த ஆசிரியரும் எல்லோர் கதையையும் வரிவரியாகப் படித்துவிட முடியாது. சிறுகதையின் இலக்கணம் யாது என்று தேர்வில் கேட்டு முடித்துக்கொள்ளத்தான் முடியும். பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்கள் இந்த ஒரு தாளுக்காவது வகுப்பைப் பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்துத் தர வேண்டும். மதிப்பெண்ணையும் மாணவர் எழுதித் திருத்திக் கொண்டுவரும் கதைக்கே கொடுக்கட்டும்.